வர்க்கியை மோந்து பார்க்கிற அம்மா

எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி முதல்வர், அலுவலகத்திலிருந்து ஒருவர், ஆங்கிலப் பிரிவைக் கவனிக்கிற சுசீலா மேடம். நான் ஒரு பாடம் நடத்துவதைப் பார்த்து, எனக்கு வேலை தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்தவர்கள்.

மேடத்துக்கு டீ வந்தது. கப்பை எடுத்தவர் குடிக்கவில்லை. மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு நன்றாக இழுத்தார். பிறகு கப்பை அப்படியே சாஸரில் வைத்துவிட்டார்.

பலகைக்கு முன்னால் மார்க்கரோடு நின்றிருந்த எனக்குக் காது அடைத்துப்போயிற்று. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. ஊட்டி மார்க்கெட்டில் எங்கள் கடை வாசலில் மதியத்துக்கு மேல் நின்று அப்படி மூச்சிழுக்கிற ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கடையில் தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருப்பார். அதனால் இங்கே முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை.

அவருக்கு மார்க்கெட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்தான் அடுத்த நிமிஷம் என் வாயிலிருந்து விழுந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் மார்க்கெட்டில் பெயர் வைக்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும்.

முருகன் என்று கூப்பிட்டால்

எங்கள் மார்க்கெட்டில் முருகன் என்று கூப்பிட்டால் ஒரு சந்தே திரும்பிப் பார்க்கும். பஷீர் என்றாலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் பெயரும் பஷீர்தான், ஆகவே அனுபவித்துச் சொல்கிறேன். தமிழ் பேசுகிறவர், படுக மொழி பேசுகிறவர், கூடலூர்ப் பக்கத்து மலையாளம் கலந்து பேசுகிறவர் எல்லாரும் ஒரே சந்தில் தோளை இடித்துக்கொண்டு வியாபாரம் செய்கிற இடம். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

'சோலூர்ல இருந்து கேரட் கொண்டு வர்ற அண்ணன்.' 'குடையை மறந்து வெச்சுட்டுப் போற டாக்டரம்மா.' 'நடுவட்டம் பஸ்ஸை உட்ட மாமா.' இந்த மாமா டீக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டு விருந்துக்குப் போக வேண்டிய பஸ்ஸை ஒரே ஒரு தடவை தவற விட்டார். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸையும் விட்டதில்லை. பேரன் எடுத்தாயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தந்தப் பெயரை அந்தந்த ஆளின் காதில் விழுகிற மாதிரி சொல்லவே கூடாது. மார்க்கெட்டில் எத்தனையோ விஷயத்துக்குச் சட்டம் கிடையாது, இதற்கு உண்டு.

மஃப்ளர் கட்டிய அம்மா எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தபோது அவருக்கும் ஒரு பெயர் விழுந்தது. மதியத்துக்கு மேல் பேக்கரியிலிருந்து வர்க்கி பிஸ்கட் சூடாக வந்து தட்டில் விழும் நேரம். அடுக்கடுக்காகப் பிரிகிற அந்த மொறுமொறுப்பின் வாசனை சந்தின் முனை வரை போகும். சுற்றுலா வந்தவர்கள் பை பையாக வாங்கிப் போவார்கள். இந்த அம்மா தட்டுக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாளும் ஒரு துண்டு வாங்கியதில்லை.

எதிர்க்கடை கௌசல்யாக்காதான் பெயர் வைத்தார். 'வர்க்கிய மோந்து பாத்துட்டு வாங்காமப் போற அம்மா.'

கௌசல்யாக்கா அன்னூர்க்காரர். மலைப்பூண்டு வியாபாரம். மார்க்கெட்டில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தில் அவருடைய தராசைப் பற்றி விளையாட்டாக ஒரு வரி எழுதிவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என்னையப் பத்தி எழுதறதா இருந்தா நல்லதா எழுது அம்மிணி, இல்லீன்னா உட்று" என்று செய்தி அனுப்பினார். அக்கா, இந்த வாரம் நல்லதும் வருகிறது. கடைசி வரை பொறுமையாகப் படியுங்கள்.

ஓடியாந்த ரஹ்மத்து

எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைத் தொலைக்கத்தான் அந்த வகுப்பில் போய் நின்றேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி பாடம் நடத்திக் காட்டப் போனேன். பி.ஏ. ஆங்கிலம் தபால் வழியில் படித்து, பி.எட். முடித்து, கல்யாணம், பிள்ளை, கடை என்று ஆகி, பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு கிடைத்த முதல் வாய்ப்பு. 'பீப்பிள் ஹூ லிவ் இன் தி ஹில்ஸ்' என்று பலகையில் எழுதினேன். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, ஏன் 'லிவ்ஸ்' இல்லை என்று கேட்டாள்.

'லிவ்'தான் சரி என்று எனக்குத் தெரியும். ஏன் என்பது வாய்க்கு வரவில்லை. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் கதவைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது பஸ் ஸ்டாண்டுதான். கைப்பையைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன்; பஷீர் போய் வாங்கி வந்தார்.

அழுதுகொண்டே வந்து கௌசல்யாக்காவிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, வேறு யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். மறுநாளே பெயர் தயார். 'பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியாந்த ரஹ்மத்து.' வாய்க்கு நீளமாக இருந்ததால் மார்க்கெட் அதைச் சுருக்கிக்கொண்டது. 'ஓடியாந்த ரஹ்மத்து.'

சுருக்கியதில் அர்த்தமே மாறிப்போயிற்று. புதிதாகக் கடை போட வந்தவர்கள் நான் பஷீரோடு ஓடி வந்தவள் என்று நினைத்தார்கள். ஊரைக் கூட்டி, ஜமாத்தார் முன்னிலையில், இரண்டு பக்கத்து உறவும் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டு நடந்த கல்யாணம் எங்களுடையது. என் மாமியார் காதில் இது விழுந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

என் காதில் விழக் கூடாதுதான். ஆனால் சந்து குறுகல். எனக்கு ரொம்ப வலித்தது. அன்றிலிருந்து நான் கடையின் முன்பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன். உள்ளே, தைல பாட்டில்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து தேயிலைத் தூள் பொட்டலம் போடுவேன். யார் வந்தாலும் பாட்டில்களின் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பேன்.

மூட்டையைத் திரும்பிப் பார்ப்பது

அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த 'ஹூ' என்கிற சின்ன வார்த்தையைக் கருவிக்கொண்டே இருந்தேன். என்னை ஓட வைத்தது அதுதானே.

தமிழ் நம்மைச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறது. கேரட் விற்கிற அண்ணன் என்கிறோம். கேரட் விற்கிற அண்ணன்கள் என்கிறோம். கேரட் விற்கிற அக்கா என்கிறோம். ஆள் ஒன்றானாலும் ஊரே ஆனாலும், ஆணானாலும் பெண்ணானாலும், 'விற்கிற' என்பது கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சுகத்தில் வளர்ந்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், 'மென் ஹூ செல்ஸ்' என்று வாய் தானாகப் போய்விடுகிறது. அங்கே 'ஹூ'வுக்குப் பின்னால் வருகிற வினைச்சொல் சும்மா இராது. 'ஹூ'வுக்கு முன்னால் நிற்பது ஒருவரா பலரா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

ஒரு நாள் சந்தில் லோடு இறக்குகிறவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். ஒரு மூட்டையா, இரண்டா. அதற்குத் தகுந்த மாதிரி காலை அகட்டி நிற்பார். நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் குன்னூரில் அந்தப் பெண்ணுக்கு, வினைச்சொல்லும் இப்படித்தான் திரும்பிப் பார்க்கும் என்று சொல்லியிருக்கலாமே என்று நொந்துகொண்டேன்.

போன வருஷக் கடைசியில், குளிர் காதைக் கடிக்கிற நாட்களில், ஊட்டியிலேயே உள்ள இந்த விடுதிப் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. விண்ணப்பித்ததை நானே மறந்திருந்தேன். வயது ஏறிக்கொண்டிருந்தது, இனி இன்னொரு அழைப்பு வரும் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. வேலை வேண்டும். வேலையைவிட, அந்தப் பெயர் தொலைய வேண்டும்.

"ஏனுங்க, போகட்டுமா?" என்று பஷீரிடம் கேட்டேன்.

அவர் வர்க்கியைத் தட்டில் பரப்பிக்கொண்டே, "போய்ட்டு வா. இந்த வாட்டி கைப்பைய மட்டும் வீட்ல வெச்சுட்டுப் போயிரு. நானு மறுக்கா போயி வாங்க முடியாது" என்றார். இதுதான் அவர் தைரியம் சொல்கிற முறை. பழகிவிட்டது.

வாயிலிருந்து விழுந்தது

என்ன பாடம் என்பதை வகுப்புக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால்தான் சொன்னார்கள். 'ஹூ', 'விச்', 'தட்' வருகிற வாக்கியங்களில் வினைச்சொல்லைச் சரியாகப் போடுவது எப்படி. எத்தனையோ பாடம் இருக்க, இது. அல்லாஹ்வுக்கு என்னிடம் ஏதோ கணக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பனிமூட்டத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், "மேம், இதைப் போன வருஷமே முடிச்சிட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட வழவழப்பாக இருந்தது. குன்னூர் நினைவுக்கு வந்துவிட்டது. கதவு வேறு திறந்தே இருந்தது.

"சரி, ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க மேம்" என்றாள் அவள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் சுசீலா மேடம் டீயை மோந்து பார்த்தார். என் வாய் என்னைக் கேட்காமல் வேலை பார்த்துவிட்டது.

"தி லேடி ஹூ ஸ்மெல்ஸ் தி வர்க்கி அண்ட் நெவர் பைஸ் இட்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் மார்க்கெட்டில் ஒருத்தரும் செய்யாத காரியம். பெயரை, பெயருக்கு உரியவரின் முகத்துக்கு நேராக, அதுவும் வேலை கொடுக்க வந்தவரின் முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று. மேடத்தின் புருவம் மேலே போனது.

ஆனால் வகுப்பு விழித்துக்கொண்டது. யார் அது மேம், எதற்கு மோந்து பார்க்கிறார், எந்தக் கடை என்று நாலு பக்கத்திலிருந்தும் கேள்வி. எனக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. வேலைதான் போய்விட்டதே, இனி என்ன பயம். பாடத்தையாவது ஒழுங்காக நடத்திவிட்டுப் போவோம் என்று மேசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

மார்க்கெட்டையே வகுப்புக்குள் கொண்டுவந்து இறக்கினேன். சோலூரிலிருந்து கேரட் கொண்டு வருகிற அண்ணன் ஒருவர் என்றால் 'ஹூ பிரிங்ஸ்'. அவருடைய தம்பிகளும் கூட வந்தால்? "ஹூ பிரிங்" என்று வகுப்பு கத்தியது. லோடு இறக்குகிறவர் திரும்பிப் பார்ப்பதை நானே குனிந்து, முதுகைக் கொடுத்து நடித்துக் காட்டினேன். சேலைத் தலைப்பு விழுந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதல்வர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

நடுவட்டம் பஸ்ஸை விட்ட மாமாவைச் சொன்னேன். தினமும் விடுவாரா என்று கேட்டாள் சடைக்காரி. இல்லை, ஒரே ஒரு தடவை. அப்படியானால் 'மிஸ்ஸஸ்' இல்லை, 'மிஸ்ட்' என்று அவளே சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்தாள். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து இன்னும் ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள்.

"அது எங்க மார்க்கெட்டோட தப்பு" என்றேன்.

"உங்களை என்ன சொல்வாங்க மேம்?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"தி டீச்சர் ஹூ ரேன் அவே" என்றேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பாடத்தின் நடுவே ஓடி வந்தேன் என்பதையும் சொன்னேன்.

சடைக்காரி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பட் யூ ஆர் ஸ்டில் ஹியர், மேம்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழிப்பது போல அழித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு கை

திரும்பியபோது கடைசி வரிசையில் ஒரு கை தூக்கியிருந்தது. சுசீலா மேடம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "ஐ ஆம் ஒன் ஆஃப் தோஸ் லேடீஸ் ஹூ டேஷ் தி வர்க்கி. அதாவது, வர்க்கியை மோந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களில் நானும் ஒருத்தி. இங்கே 'ஸ்மெல்' வருமா, 'ஸ்மெல்ஸ்' வருமா?"

வகுப்பு ஒரு நொடி வாயைப் பிளந்து, பிறகு வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் எனக்குத் தெரிந்தது, அது விளையாட்டு மட்டும் இல்லை. எனக்கு வைத்த பரீட்சை அது. இந்த இடத்தில் படித்தவர்களே வழுக்கி விழுவார்கள். 'ஒன்' என்று ஆரம்பிக்கிறதே என்று 'ஸ்மெல்ஸ்' போட்டுவிடுவார்கள். பிள்ளைகளில் பாதி அப்படித்தான் கத்தினார்கள், சடைக்காரி உள்பட.

நான் அவசரப்படவில்லை. "வர்க்கித் தட்டு முன்னால எத்தனை லேடீஸ் நிக்கறாங்க?" என்று கேட்டேன். நிறையப் பேர் என்றார்கள். "மோந்து பாக்கறது யாரு?" எல்லாரும். "'ஹூ'வுக்கு ஒட்டி முன்னால நிக்கறது யாரு? திரும்பிப் பாருங்க." லேடீஸ். "அப்ப?"

"ஸ்மெல்!" வகுப்பே சொன்னது. சடைக்காரி தலையில் அடித்துக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

"அந்தக் கூட்டத்துல மேடம் ஒருத்தங்க. அவ்வளவுதான்" என்றேன்.

"தேங்க் யூ. நான் தனியா இல்லேன்னு தெரிஞ்சது நிம்மதி" என்று உட்கார்ந்தார் மேடம். மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷத்தில் இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. கல்யாணத்தன்று இல்லை, பிள்ளை பிறந்தபோது மயக்கத்தில் இருந்தேன். இதுதான் முழு நினைவோடு நான் பார்த்த சந்தோஷம். பஷீர் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வராந்தாவில் மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். தமிழுக்கு மாறிவிட்டார்.

"ஏனுங்க, உங்க மார்க்கெட்ல என்னைய அப்படித்தான் சொல்றாங்களா?"

"மன்னிச்சுக்குங்க மேடம். வாய் தவறிப்போச்சு."

"எனக்குச் சர்க்கரைங்க. வர்க்கியத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. வாசனைக்குச் சர்க்கரை ஏறாதில்ல?" என்று சிரித்தார். "உங்களையும் எனக்குத் தெரியும். பாட்டில் இடுக்குல ரெண்டு கண்ணு என்னையவே பாத்துட்டிருக்கும். யாருன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

நாங்கள் அவரைக் காசு கொடுக்க மனமில்லாத அம்மா என்றுதான் நினைத்திருந்தோம். பாவம், எத்தனை நாள் அவரைப் பற்றிக் கௌசல்யாக்காவும் நானும் சிரித்திருக்கிறோம். திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்று முதல்வர் சொன்னதைக்கூட நான் பாதிதான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து பஷீரிடம் சொன்னபோது, "கைப்பை இல்லாமப் போனதுதான் ராசி" என்றார். பிறகு கல்லாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை

வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள் ஆகியும், சனிக்கிழமைகளில் நான் பழைய இடத்தில்தான் உட்கார்ந்தேன். அலமாரிக்குப் பின்னால், தேயிலைத் தூளோடு. பழக்கம் லேசில் போகிறதா. பெயரும் போயிருக்காது என்றுதான் நினைத்தேன். பஸ்ஸை விட்ட மாமாவுக்கே போகவில்லையே.

அந்தச் சனிக்கிழமை தூறல். சந்தெல்லாம் ஈரச் சாக்கு வாசனை. விடுதியில் பிள்ளைகளைப் பெற்றோர் வெளியே கூட்டிப் போகிற நாள். சந்து முனையில் வெளியூர்க்காரர் ஒருவர் குடையோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கூட அவர் மகள், என் வகுப்பு இரட்டைச் சடைக்காரி. அவளுக்கும் கடை எதுவென்று தெரியவில்லை. கௌசல்யாக்காவிடம் போனார்.

"ரஹ்மத்னு ஒருத்தங்க. வர்க்கிக் கடை" என்றார்.

பாட்டில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா பூண்டை மடியிலிருந்து தட்டிவிட்டு நிமிர்ந்தார். இப்போது சொல்வார், என் மாணவியின் காது கேட்க.

"இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கற ரஹ்மத்து கடைங்களா?" என்றார் அக்கா. "இதா, எதுத்தாப்ல. முன்னால உக்காந்திருக்கறது அவங்க ஊட்டுக்காரரு. நம்ம ரஹ்மத்து உள்ளார இருக்கும், கூப்புடுங்க."

பஷீர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து வாசல் பக்கம் போட்டார்.

நான் கையில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளைத் தட்டினேன். எழுந்து, பாட்டில்களைச் சுற்றிக்கொண்டு, முன்னால் வந்தேன்.

"நான்தானுங்க அது" என்றேன்.